கடைசிப் படுக்கைக்கு மணி வேண்டாம்

பின்படுக்கைக்கு மணி வேண்டாம் என்று பாத்திரக் கடைக்காரர் சொன்னதும் தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சும்மாவே மாட்டித் தருகிறேன் என்றல்லவா சொல்லியிருந்தார்.

கடைக்காரர் லேசுப்பட்ட ஆளா? ஒரு கீல் வாங்கினால் நாலு திருகாணி கொசுறு கேட்கிறவர். இந்தப் பழைய கேரவனை வாங்கியபோதே, விற்றவரிடம் பேசிப் பேசி, ஸ்டெப்னியோடு அவர் வீட்டு ஏணியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓசியில் வருவதை வேண்டாம் என்றால் உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது.

தச்சருக்கு மண்டை குடைந்தது.

மூன்று வாரமாக அந்தப் பதினெட்டடி வண்டிக்குள்தான் அவருடைய குடித்தனம். வளைவில் திரும்பும்போது இழுப்பறை வாயைப் பிளக்காமல் இருக்கக் கொக்கி. மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் மேஜை. இருக்கைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. அடுப்பு ஆடாமல் பிடித்துக்கொள்ள இரும்புப் பட்டை. எல்லாம் நியாயமான வேலைகள்.

பெண்ணின் படுக்கையில்தான் உதைத்தது.

குடும்பம் மொத்தமே மூன்று பேர். கடைக்காரர், மனைவி, பதின்மூன்று வயதுப் பெண். அந்தப் பெண்ணின் இடம் வண்டியின் வாலில், பின்கண்ணாடியை ஒட்டி இருக்க வேண்டுமாம். அதற்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவே ஆளுயர அலமாரி. வண்டி ஓடும்போது யாரும் பெல்ட்டைக் கழற்றி எழுந்து வரக் கூடாது என்று சட்டம் வேறு. பிள்ளைக்குத் தாகம் எடுத்தால், குமட்டினால், எப்படிச் சொல்லும்? அதனால்தான் தச்சர் மணிப் பேச்சை எடுத்தார்.

"வேணுங்கிறவங்க வாயைத் திறந்து கூப்பிடட்டும்," என்று கடைக்காரர் முடித்துவிட்டார்.

பெண்ணோடு மனஸ்தாபமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. படிக்க விளக்கு, செருப்புக்குத் தனி அறை, ஜன்னலோரம் முழங்கை ஊன்றப் பஞ்சுத் திண்டு, எல்லாம் கடைக்காரர் நச்சரித்துச் செய்ய வைத்தவை. பெண்ணும் மரியாதையாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நேரே அவர் முன்னால் வந்து நின்று, அவர் நிமிரும்வரை பொறுத்திருந்து சொல்லும்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அணைக்கிற கை எதற்கு நடுவில் அலமாரி வைக்கிறது?

வேலை முடிந்து, வண்டியைக் கொட்டகையிலிருந்து பின்பக்கமாக வெளியே எடுக்கும் நாள் வந்தது. கடைக்காரர் ஓட்ட உட்கார்ந்தார். பெண் தன் இடத்தில் பெல்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரையில் புதிதாக வைத்த காற்றாடி விட்டத்தில் இடிக்கிறதா என்று பார்க்க, தச்சரும் கடைக்காரர் மனைவியும் கொட்டகைக்குள் வண்டிக்கு முன்னால் நின்றார்கள்.

எஞ்சின் உறுமியது. தச்சருக்கு வாய் அரித்தது. ஆட்டுக்கு விலை கேட்க வந்தவன் கோழியைப் பார்ப்பதுபோல, பாப்பாவுக்கு வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"இவரு அவளைப் பெத்தவரு இல்லண்ணே. நாங்க இவரு வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு. இன்னி வரைக்கும் அவ இவரை ஒரு பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல."

அப்பா என்ற சொல்லை இறந்துபோனவருக்கே வைத்துக்கொண்டுவிட்டாளாம். மாமா என்றாலும் சரி, அங்கிள் என்றாலும் சரி என்று சொல்லிப் பார்த்தாயிற்று. வாய் வரவில்லை. அவர் மாடியில் இருந்தால் இவள் படியேறிப் போவாள். குளியலறையில் இருந்தால் கதவைத் தட்டுவாள். முடியாவிட்டால் அம்மாவை அனுப்புவாள். நடக்கிற வரைக்கும் அவளுக்கு எதற்குப் பெயர்? அதனால்தான் கடைக்காரர் நடக்க முடியாத ஒரு வீடாகத் தேடிப் பிடித்து வாங்கினாராம். கால் போகாத இடத்துக்கு வாய்தானே போயாக வேண்டும் என்பது அவர் கட்சி.

அம்மா கூடவே உட்கார்ந்திருப்பாரே என்று தச்சர் மடக்கினார்.

வண்டி கிளம்பினதும் நான் தூங்கிவிட வேண்டும், எனக்குக் கொடுத்திருக்கிற வேலையே அதுதான் என்றார் அந்த அம்மாள்.

தச்சர் திறந்த வாய் மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி பின்னால் நகர ஆரம்பித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. தன் கருவிப் பெட்டியை எங்கே வைத்தோம் என்ற நினைப்பும் இல்லை.

"என்னங்க, நிறுத்துங்க, பின்னாடி பொட்டி இருக்கு."

வண்டி குலுங்கி நின்றது.

அதே இழுப்பு, அதே அதட்டல். புருஷனை அதட்டிப் பழகிய குரல். தச்சருக்குப் போன உயிர் திரும்பியது. இழைப்புளியும் ரசமட்டமும் பிழைத்தன. நல்ல வேளை கத்தினீர்கள் என்று சொல்லத் திரும்பினார்.

அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

அப்போதுதான் தச்சருக்கு உறைத்தது. இங்கே நிற்கிற யாருக்கும் வண்டியின் பின்பக்கம் தெரியாது. பின்கண்ணாடியோரம் இருந்தது ஒருத்திதான்.

அந்த வீட்டில் அந்த மனிதரை யாரும் கூப்பிட்டு அந்தப் பெண் கேட்ட வார்த்தை 'என்னங்க' ஒன்றுதானே.

எஞ்சின் அணைந்தது. கடைக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். காது இரண்டும் சிவந்திருந்தன. சிரிப்பை அடக்குகிறாரா, வேறு எதையாவதா என்று தச்சரால் மட்டுக்கட்ட முடியவில்லை.

பின்னால் கேட்காத குரலில், மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"விலையை அப்புறம் பேசிக்கலாம். போணி ஆயிருச்சு."