இன்னொரு விசில்

மாலை வெயில் உயரத்துச் சன்னல்கள் வழியே கூடைப்பந்துத் தளத்தில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. இருபத்தொன்பது வருடமாக இந்தக் கல்லூரி அணிக்கு அவர்தான் கோச். அவர் விசிலை வெடுக்கென்று இரண்டு தரம் ஊதினால் பிள்ளைகள் பந்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அது வெளியாள் அறியாத சைகை. மேலே கேலரியில், பிரின்சிபால் பக்கத்தில், புது ஷூ போட்ட ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "யாருப்பா அது?" என்று கோச் தன் உதவியாளனைக் கேட்கிறார். "சும்மா பாக்க வந்திருக்காரு சார்," என்கிறான் அவன், கட்டியிருக்கிற லேஸையே குனிந்து மறுபடி கட்டியபடி. அப்போது விசில் வெடுக்கென்று இரண்டு தரம் ஒலிக்கிறது. பந்துகள் அடங்குகின்றன, பிள்ளைகள் அத்தனை பேரும் உட்கார்ந்து, கேலரியில் இருக்கும் புது ஷூக்காரரைப் பார்க்கிறார்கள். அவருடைய விசில் இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருக்கிறது.