டொபி சாப்பிடவில்லை

"அது எலி இல்ல மாமா, ஹம்ஸ்டர்! இனிமே அந்தக் கூட்டுப் பக்கம் வந்தீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

ஷாமிளா போட்ட சத்தத்தில் தோட்ட லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த ஆட்களெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் செல்லையா கையில் ஒரு கரட் துண்டோடு விறைத்துப்போய் நின்றார்.

"இல்ல புள்ள, சாப்பிடாமக் கெடக்குதுன்னு சொன்னாங்க. அதான் இதக் குடுக்கலாம்னு..."

"நீங்க குடுத்ததெல்லாம் போதும். மனுசன் இருக்குற எடத்துல எலிய வளக்குறாங்கன்னு தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் போய் சொன்னது யாரு? ஒங்க வீட்டுல எலி மருந்து இருக்கா, இல்லையா?"

"இருக்கு. அது கூரையில ஓடுற எலிக்கு..."

அவர் முடிக்குமுன் ஷாமிளா கதவை அறைந்து சாத்தினாள்.

உள்ளே அவளுடைய கணவன் அஜந்தன் தலையைச் சொறிந்தான். "வயசான மனுசன். ஊரு பாக்க இப்பிடியா பேசுவ?"

"பின்ன யாரு விஷம் வச்சது? நீங்களா, நானா?"



கொழும்பில் வேலை பார்க்கும் ஷாமிளாவின் தம்பி, தீபாவளிக்கு வந்தபோது அக்கா மகளுக்கென்று வாங்கி வந்த ஹம்ஸ்டர் அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டொபி மிட்டாய் நிறத்தில் இருந்ததால் டிலுக்ஷி அதற்கு டொபி என்றே பெயர் வைத்தாள். ஒரே மகள் ஆசையாக வளர்ப்பது. அதனால்தான் போன வாரம் அது கழிந்து கழிந்து சுருண்டு விழுந்தபோது, ஷாமிளா அன்றைக்கு வேலைக்குப் பேர் போடாமல் கூட்டோடு தூக்கிக்கொண்டு இரத்தினபுரிக்கு பஸ் ஏறினாள்.

மிருக டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, எல்லோருக்கும் 'நோனா'; நல்ல மனுஷி. ஊசி போட்டு, இரண்டு நாள் தன்னிடமே வைத்துப் பார்த்து, துள்ளித் திரியும் டொபியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏதோ விஷம் பட்டிருக்கு. கண்டதையும் திங்க விடாதீங்க. நெறைய தண்ணி குடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

விஷம் என்றதும் ஷாமிளாவின் கண்முன் வந்தது செல்லையாவின் முகம்தான். வீடு திரும்பியதிலிருந்து கூட்டை அவள் வேறு யாரையும் தொட விடவில்லை. மரத்தூளைத் தானே மாற்றினாள். கரட்டைத் தானே கழுவிச் சீவினாள். நோனா தந்த சிறிய சிரிஞ்சில் தண்ணீரை எடுத்து, விரலால் அதன் வாயைத் திறந்து, சொட்டுச் சொட்டாக விட்டாள். கைக்குழந்தையைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

அப்படியும் இன்று மத்தியானம் டொபி மறுபடி சுருண்டுவிட்டது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கண் திறக்கவில்லை.

"டொபி செத்துருமாம்மா?" பாயில் படுத்தபடியே டிலுக்ஷி கேட்டாள்.

"சாகாதுடி. அம்மா இருக்கேன்ல. நீ எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிடு."

"சோறு வேணாம். தண்ணி குடு."

ஷாமிளா தண்ணீர் கொடுத்தாள். பிள்ளை குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. டொபிக்கு முடியாமல் போனதிலிருந்து அவளும் இப்படித்தான். சாப்பாடு இறங்குவதில்லை, பள்ளிக்கூடம் இல்லை, விளையாட்டும் இல்லை. "புள்ளைக்கு ஏக்கம்" என்று கேட்டவர்களிடமெல்லாம் ஷாமிளா சொல்லி வைத்திருந்தாள். டொபி எழும்பினால் பிள்ளையும் எழும்பிவிடுவாள்.

ஷாமிளா நோனாவுக்கு அழைத்து, தனக்கும் அஜந்தனுக்கும் கேட்கும்படி போனைச் சத்தமாக வைத்தாள்.

"இங்க இருக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?" நோனாவின் சிங்களத்தில் கவலை தெரிந்தது. "வீட்டுக்கு வந்ததும் திரும்ப அதே மாதிரின்னா, விஷம் உங்க வீட்டுலதான் இருக்கு. என்னென்ன குடுத்தீங்க?"

"கரட்டும் நீங்க தந்த மருந்தும்தான் நோனா. ஒருத்தரையும் கிட்ட விடல" என்று ஷாமிளாவும் சிங்களத்திலேயே சொன்னாள்.

"தண்ணி?"

"நல்ல தண்ணி நோனா. மழைக்கு பைப்புல சேறு வருதுன்னு இவரு மேல மலையில ஊத்துத் தண்ணி விழுற பீலிக்குப் போயி கேன்ல புடிச்சிக்கிட்டு வர்றாரு. அதையும் கொதிக்க வச்சு, ஆற வச்சுத்தான் குடுக்குறேன்."

"என்ன கேன் அது?"

ஷாமிளா அதைப்பற்றி யோசித்ததே இல்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தோட்டத்து ஸ்டோர்ல சும்மா கெடந்துச்சு, எடுத்துக்கிட்டு வந்தேன்" என்றான் அஜந்தன். "புல்லு சாக அடிக்கிற மருந்து வந்த கேன். சவுக்காரம் போட்டு நல்லாக் கழுவிட்டேனே."

 செல்லையாவின் கையிலிருந்த கரட் துண்டு ஒரு கணம் ஷாமிளாவின் கண்ணில் வந்து போனது. அவள் விட்ட ஒவ்வொரு சொட்டும் விஷமா? அதன் வாயைத் திறந்து திறந்து ஊற்றியது அவள் கையா?

"ஐயோ, அந்தத் தண்ணிய ஒடனே கீழ ஊத்துங்க!" போனில் நோனா கத்தினார். "வீட்டுல எல்லாரும் அதையா குடிக்கிறீங்க?"

 விவரம் இன்னும் மண்டையில் ஏறாத அஜந்தன்தான் முந்திக்கொண்டு, கொஞ்சம் பெருமையோடே சொன்னான்:

"இல்ல நோனா, பெரியவங்க நாங்க பைப்புத் தண்ணியத்தான் குடிக்கிறோம். அந்த நல்ல தண்ணிய டொபிக்கும் எங்க புள்ளைக்கும் மட்டுந்தான் வச்சிருக்கோம்."