கொடியில் இருக்கும்போதே

வளப்பூர் நாடு என்ற மலைப்பகுதியில் செல்போன் சிக்னல் கிடைப்பது சுப்பண்ணனின் மிளகுத் தோட்டத்து மேட்டில் மட்டும்தான். அங்கே பலாமரத்தில் சாய்ந்தபடி, நிதியியல் படிக்கும் அவர் மகள் வித்யாஸ்ரீ, ஸ்பீக்கரைச் சத்தமாக வைத்துச் செல்போனில் பல்கலைக்கழக வகுப்பு கேட்கிறாள். பனி இன்னும் விலகவில்லை. மங்கலான வெயில் கொடியின் பச்சை மணிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தடி தள்ளி, முள்ளுக்குறிச்சி வியாபாரி துண்டை விரித்துப் பிடித்து நிற்கிறார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் இங்கே விலை முடியும். "கொடியோட இப்பவே வெல பேசிக்கலாமுங்க." சுப்பண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். "இல்லீங்க, காஞ்ச பொறவு பாக்கலாம். இந்த வருசம் வெல ஏறுமுங்க." செல்போனில் பேராசிரியரின் குரல் கேட்கிறது. "வித்யாஸ்ரீ, அறுவடைக்கு முன்னாடியே விலையை முடிவு பண்ணிட்டா யாருக்குப் பாதுகாப்பு?" புத்தகத்தில் உள்ளதை அவள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். "விவசாயிக்குத்தான் சார். பின்னாடி விலை இறங்கினாலும் அவருக்கு நஷ்டமில்லை." "வெரி குட்." வியாபாரி சிரிக்கிறார். "கேட்டீங்களா? படிச்ச புள்ளையே சொல்லுது." சுப்பண்ணன் மகளைத் திரும்பிப் பார்க்கிறார். அந்த முகத்தில் இவ்வளவு பெருமையை அவள் கண்டதே இல்லை. "அப்பா, அது பரீச்சைக்குச் சொல்றதுங்க" என்று அவள் எழுவதற்குள், அவர் கை துண்டுக்குள் போய்விடுகிறது.