கீழ்த்தெருவுக்கு ஒரு போன்

போன மழையில், அணைக்குக் கீழே இருந்த தெருவுக்குச் சொல்லாமலே என் கையால் மதகுகளைத் திறக்கவைத்தார் இன்ஜினீயர். தெருவே ஆட்களோடு போனது, என் அக்காவும் சேர்ந்து. அதற்குப் பிறகுதான் உத்தரவு வந்தது: கீழ்த்தெரு டீக்கடைக்குப் போன் போட்டு, எல்லாரும் மேடேறியாச்சு என்று பதில் வந்த பிறகே திறக்க வேண்டுமாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அங்கே இப்போது கடையும் இல்லை, போன் கம்பமும் இல்லை, வெறும் சேறு.

இன்று மதியம் தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது.

"போட்ட மாதிரி போட்டுட்டுத் திறய்யா," என்றார் இன்ஜினீயர். "செத்தவனா எடுக்கப்போறான்?"

போட்டேன். மணி அடித்தது. எடுத்தார்கள். டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க தம்பி." டீக்கடைக்காரரின் அதே கரகரப்பு.

"தண்ணி விடணும்ண்ணே. எல்லாரும் மேடேறியாச்சா?"

"இப்பவாவது சொன்னீங்களே. எல்லாரையும் கிளப்பிட்டேன். உங்க அக்காதான் இன்னும் தூங்குது. என் தம்பி சொல்லாமத் திறக்க மாட்டான்னு படுத்திருக்கு. கொஞ்சம் பொறுங்க, எழுப்பிட்டு வரேன்."

அவர் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டது.

"திறய்யா, திற!" என்று இன்ஜினீயர் கத்துகிறார். மதகுக்கு மேலே தண்ணீர் வழியத் தொடங்கிவிட்டது. நான் ரிசீவரைக் காதில் வைத்தபடி நிற்கிறேன்.