பால் டீச்சரின் மாமியார்

"வீட்ல யாராவது வெந்தயம் சாப்பிடறீங்களா? மறைக்காம சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்."

குழந்தையின் ஈரத் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு டாக்டரம்மா இப்படிக் கேட்டதும் மாமியார் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதுக்கு டாக்டர் கேக்கறீங்க?" என்றான் மகன்.

"குழந்தையோட சிறுநீர்ல கருகின சர்க்கரை வாசனை அடிக்குது. பால் குடுக்கற அம்மா வெந்தயம் நிறைய சாப்பிட்டா இப்படி வரலாம். இல்லன்னா பால்ல இருக்கற புரதத்தை உடம்பு ஏத்துக்காத பிறவிக் கோளாறு ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதே வாசனைதான். அதுவா இருந்தா கொஞ்சம்கூடத் தாமதிக்கக் கூடாது."

"வெந்தயமா? எங்க வீட்லயா?" மருமகள் சிரிக்கப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்றவளே நான்தானே டாக்டர்!"

அதென்னவோ வாஸ்தவம்தான். இதே ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தரும் நர்ஸ் அவள். வார்டில் அவளுக்குப் பெயரே 'பால் டீச்சர்'. 'பச்சிலையும் மருந்துதான். கேட்காமல் சாப்பிடாதீர்கள்' என்று அவள் தன் கையால் எழுதி மாட்டிய அட்டைக்குக் கீழேதான் மாமியார் இப்போது ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அட்டை தலையில் விழுந்துவிடுமோ என்றுகூடப் பயமாக இருந்தது.

"அப்ப நோய்தானான்னு பாத்துடணும்" என்றாள் டாக்டர். "பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் தாய்ப்பாலை நிறுத்தி, ஊசி குத்தி டிரிப்ஸ் ஏத்துவாங்க."

இந்தப் பிஞ்சுக் கையிலா ஊசி? மாமியாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான்தான்மா..." என்று எழுந்து நின்றாள். "நான்தான் போட்டேன். ராத்திரி சூப்புல. வெந்தயப் பொடி."



"அத்தை!" மருமகளின் முகம் சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியாமலா? கேட்டா குடுக்கக் கூடாதுன்னு சொல்வேன்னுதானே திருட்டுத்தனமா போட்டீங்க?"

"குழந்தை பால் குடிச்சிட்டும் அழுதுக்கிட்டே இருந்துதேம்மா. உனக்குப் பால் பத்தலையோன்னு..."

"பத்தலன்னு நான் சொன்னேனா? யார்கிட்டயாவது சொன்னேனா? என் வேலையே இதுதான், எனக்குத் தெரியாதா? நாளைக்கு வார்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

கதவுக்கு வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த வயதில், பத்துப் பேர் பார்க்க, சமையலறைத் திருடியாக நிற்கும்படி ஆகிவிட்டதே என்று கூனிக் குறுகிப் போனாள். மருமகள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

"சரி விடுங்க, பாட்டியே சொல்லிட்டாங்கல்ல" என்றாள் டாக்டர். "எவ்வளவும்மா போட்டீங்க?"

"ஒரு சிட்டிகை. ராத்திரி மட்டும்."

டாக்டரின் புருவம் சுருங்கியது. "ஒரு சிட்டிகைக்குக் குழந்தையோட துணி வரைக்கும் வாசனை வராதும்மா. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"சிட்டிகைதான் டாக்டர்."

"அம்மா, மாட்டிக்கிட்ட பிறகு எதுக்குக் குறைச்சு சொல்ற?" மகன் பல்லைக் கடித்தான். "கை நிறைய அள்ளிப் போட்டிருந்தா ஆமான்னு சொல்லிடு. குழந்தைக்கு ஊசி குத்தறதாவது தப்பும்."

மாமியார் திருதிருவென்று விழித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேரன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் அது பொய்யாயிற்றே. நிஜமாகவே நோயாக இருந்தால்? தன் மானத்தையும் குழந்தையின் ஊசியையும் பார்த்து இப்போது பொய் சொல்லப்போய், அதனால் உயிருக்கே ஒன்று ஆகிவிட்டால்?

"இல்லடா. நீ என்னைப் பொய்க்காரின்னே நினைச்சுக்கோ. ஒரு சிட்டிகைக்கு மேல நான் போடல. டாக்டர், நீங்க குழந்தைய அனுப்பிடுங்க."

"இன்னுமா பிடிவாதம்?" என்று மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெற்ற பிள்ளை அப்படித் திரும்பியதும் அவளுக்குக் கண் நிரம்பிவிட்டது. இனி அந்த வீட்டில் குழந்தையைத் தொடக்கூட விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப நோய்னே வெச்சுக்கிட்டு ஆரம்பிப்போம்" என்று டாக்டர் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

மருமகள் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் டாக்டர். அத்தை பொய் சொல்லல." அவள் குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "நான்தான்... பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு மூணு வேளையும் கரண்டி கரண்டியா அந்தப் பொடியை முழுங்கறேன். எல்லா அம்மாக்கிட்டயும் 'பால் தானா வரும்'னு சொல்ற எனக்கே பால் வரலன்னு, நான் யார்கிட்ட போய் சொல்வேன் டாக்டர்?"