எண்பத்தாறு பத்து

"மூணு வாரத்துக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை என்ன ரேட்டு இருந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க தம்பி."

கவுன்ட்டரில் இருந்தவன் தலையைத் தூக்கினான். வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் அந்த மணி எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறவர்கள் இன்றைய ரேட்டைக் கேட்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் நாளைக்கு ஏறுமா என்று கேட்டு அவன் உயிரை வாங்குவார்கள். பழைய ரேட்டைக் கேட்டு யாரும் வந்ததில்லை. போன வாரம் போன பஸ்சுக்கு இன்றைக்கு டிக்கெட் கேட்கிறீர்களே அக்கா என்றான்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த செல்போனில் மணி பார்த்தாள். ஆறு மணிக்கு அவர் கூப்பிடுவார், அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றாள். கடையில் வேறு ஆள் இல்லாததால் அவனும் நாற்காலியைக் காட்டிவிட்டுக் காது கொடுத்தான்.

அவள் கணவர் வெளிநாட்டுக்கு மெக்கானிக் வேலைக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. அவர் போகும்போது அந்த நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் எழுபத்து நான்கு. எண்பத்தைந்தைத் தொட்டதும் சேர்த்ததை எல்லாம் மாற்றி, இங்கேயே சொந்தமாக ஒரு வொர்க்‌ஷாப் போடலாம், மறுநாளே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலப் போனில் முதல் பேச்சே ரேட்டுதான்.

மற்றவர்கள் வீட்டில் நடந்ததை வருடம் சொல்லி ஞாபகம் வைப்பார்கள். இவள் ரேட்டைச் சொல்லி வைத்திருந்தாள். எழுபத்தாறில் மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எழுபத்தொன்பதில் மாமனார் தவறிப்போனார். லீவு கிடைக்காத கணவர் போனிலேயே அழுது தீர்த்தார். எண்பதில் வீடியோ கால் நின்றது. கேமரா கெட்டுப்போச்சு என்றார். ஊரான் வண்டியை எல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனிதருக்குத் தன் போனை ரிப்பேருக்குக் கொடுக்க ஒரு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. பணம் மட்டும், கொஞ்சம் குறைந்தாலும், மாதா மாதம் பேங்க்குக்கு வந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பணத்தைவிட முகம்தான் வேண்டியிருந்தது.

"அன்னைக்கு எடுத்த எடுப்புல எண்பத்தாறு பத்துன்னார் தம்பி. அப்புறம், 'இதுக்கு மேல எனக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை, வந்துடறேன்'னார்."

அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பீரோவில் அவருடைய தட்டில் அடைத்து வைத்திருந்த தன் துணிகளை எடுத்துக் காலி செய்தாள். வருடக் கணக்கில் ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு ஆளைக் கூப்பிட்டு முட்டுக் கொடுத்தாள். நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னாள், அதாவது தெருவுக்கே சொன்னாள். அடுத்த ஞாயிறு போன் வந்தது. ரேட்டு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் என்றார்.

மகள் நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, எண்பத்தாறு எப்போதுமே வரவில்லையே அம்மா என்றாள். நாத்தனார் ஒரு படி மேலே போய், அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருக்கும், ரேட்டுக்காக எந்த ஆம்பளை ஏழு வருடம் காத்திருப்பான் என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. நெட்டில் போடுவது ஒரு ரேட்டு, கடையில் கொடுப்பது ஒரு ரேட்டு என்று பஸ்சில் யாரோ பேசிக்கொண்டதை நம்பித்தான் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருந்த இந்தக் கடைக்கு முதல்முறையாகப் படியேறியிருந்தாள்.

"அவர் வராட்டாக்கூடப் பரவாயில்லை தம்பி. பொய் சொல்லாம வராம இருந்தாப் போதும்."

அவன் கம்ப்யூட்டரில் தேதியைத் தட்டினான். எண்பத்தொன்று அறுபது. அதற்கு முந்தைய வாரம், பிந்தைய வாரம் எல்லாவற்றையும் பார்த்தான். இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எண்பத்திரண்டைத் தாண்டவில்லை. கடைக்குக் கடை பத்துக் காசு, இருபது காசு முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் வித்தியாசம் வராது என்று மனசில்லாமல் சொன்னான்.

அவள் முகம் சுண்டிப்போனது. சரி தம்பி என்று எழுந்தாள். ஏழு வருடமாக ஞாயிறு சாயங்காலம் அந்தக் குரலுக்காகத்தான் வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தாள்.

ஏதோ பொறி தட்டியவன் போல அவன் அவளை நிறுத்தினான். அன்றைக்கு எத்தனை மணிக்குச் சொன்னார் என்று கேட்டான். எப்போதும் போல ஆறு மணிக்குத்தான் என்றாள். அவன் கவுன்ட்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான்.

"அவர் பொய் சொல்லலை அக்கா. அன்னைக்கு சாயங்காலம் வாசல் போர்டைத் துடைச்சுட்டு நம்பர் அட்டையை மாட்டும்போது ஒண்ணையும் ஆறையும் நான்தான் இடம் மாத்தி மாட்டிட்டேன். எண்பத்தொண்ணு அறுபது எண்பத்தாறு பத்தாயிடுச்சு. முதலாளி பாத்துத் திட்டினப்புறம் ஏழு மணிக்குத்தான் சரி பண்ணினேன். அந்த ரேட்டு இந்த உலகத்துல வேற எங்கேயும் இருந்ததில்லை."

அவள் கையில் போன் அடித்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, போனைக் காதில் வைத்துக்கொண்டு போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ரொம்பவும் இளைத்துப் போயிருந்தார்.