முள் இல்லாத நாப்வீட்

"பாத்தியா வெர்னா, ஆர்லோ அனுப்பின சீரை?"

என் கணவர் டெல்மர் கையில் காய்ந்த நாப்வீட் செடி. எங்கள் மேய்ச்சல் நிலத்தில் பிடுங்கியது. அந்தக் களை பரவினால் நாலு வருடத்தில் மாட்டுக்குப் புல்லே மிஞ்சாது. அமெரிக்காவின் மாண்டானாவில் இதற்குப் பயப்படாத பண்ணைக்காரன் இல்லை.

டெல்மருக்கோ பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். பக்கத்து நிலத்து ஆர்லோவோடு வேலித் தகராறில் பேச்சு நின்று பல காலம். இன்று புகார் எழுதிக்கொடுத்து அவரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று ஒரே பிடி.

ஆர்லோ நிலத்தில் இருப்பது முள் நாப்வீட். காய்ந்ததும் அடியோடு ஒடிந்து காற்றில் உருளும். வேலி தாண்டி விதையை இறைக்கும்.

புகாரை விசாரிக்கக் கவுண்டி களை ஒழிப்பு அலுவலகத்திலிருந்து வந்த ஜோலீன் காய்ந்த பூவின் அடிச்செதிலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"முள்ளே இல்லையே டெல்மர். நுனியில கறுப்புப் புள்ளிதான் இருக்கு. இது அதோட பங்காளி, புள்ளி நாப்வீட். காத்துல உருண்டு வராது. வெளியூர்ப் புல்கட்டுல வந்திருக்கும்."

"நான் வெளிப்புல் வாங்கினதே கிடையாது! போன குளிர்ல இடுப்பொடிஞ்சு கெடந்தப்பகூட நம்ம புல்லுதான்."

ஜோலீன் ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். டெல்மர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

செடிகள் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கவில்லை. ஆர்லோவின் கேட்டில் தொடங்கி, எங்கள் தீவனத் தொட்டி வரை டிராக்டர் தடத்தோடு வரிசையாக நின்றன.

இனி மறைத்துப் பயனில்லை.

"நம்ம புல்லு ஜனவரியிலயே தீந்துபோச்சு," என்றேன். "ஆர்லோதான் எங்கேயோ வாங்கிட்டு வந்து, விடியறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போவார். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். தெரிஞ்சா மாட்டைப் பட்டினி போட்டாலும் போடுவீங்களாம்."

டெல்மரின் காது சிவந்தது.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஆர்லோவின் கேட்டருகே போய் முதல் செடியை வேரோடு பெயர்த்தார்.

சத்தம் கேட்டு ஆர்லோ வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

டெல்மர் நிமிரவில்லை.

"என்ன வேடிக்கை? நீ போட்ட களைதான். வந்து பிடுங்கு."

ஆர்லோ கையுறை எடுத்துவர வீட்டுக்குள் ஓடினார்.